இரண்டு வருடப் போதகர்

ஆராதனைத் தாளைப் போதகர் பியோ விரல் வைத்துத்தான் படிப்பார். பாட்டு எண், வேதபாடம், ஆஸ்பத்திரியில் கிடப்பவர்களின் பெயர், அந்த வாரம் சமையலறை முறைக்காரர்களின் பெயர், ஓய்வு பெற்ற மூத்த போதகர் குவாக் அவர்களின் பெயர் என்று ஒவ்வொரு வரியிலும் விரல் நின்று நின்று நகரும். ‘சபைப் போதகர்: பியோ மின்சொக்’ என்ற வரி வந்தால் மட்டும் விரல் அதைத் தாண்டிக் கீழே போய்விடும்.

“உங்க பேரையும் ஒரு தடவ பாத்துருங்க பாஸ்டர்.”

“அதுல தப்பு இருந்தா யாருக்கு என்ன நஷ்டம் தம்பி? ஆஸ்பத்திரில படுத்திருக்கிறவங்க பேரு சரியா இருக்கணும். அவங்களுக்கு அதப் படிக்கிறதத் தவிர வேற வேலை இல்ல பாருங்க.”

வெள்ளிக்கிழமை மூன்று மணியானால் ஞாயிறு ஆராதனைத் தாளின் புரூஃப் பார்க்க என் அச்சகத்துக்கு வந்துவிடுவார். கொரியாவில், குன்சான் துறைமுகத்துக்குப் பின்தெருவில் இருபத்தாறு வருடமாக அச்சகம் நடத்துகிறேன். அந்தச் சபையில் நான் டீக்கனும்கூட. பொட்டலக் காப்பியைக் காகிதக் கோப்பையில் கலக்கிக் கொடுத்தால் நின்றபடியே குடிப்பார். நாற்காலியைக் காட்டினால், “உக்காந்தா எந்திரிக்க மனசு வராது” என்பார். அறுபத்து மூன்று வயது. ஒல்லி உடம்பு, கழுத்து சற்று முன்னால் நீண்டிருக்கும். கோட்டுப் பையில் எப்போதும் ஒரு ஜோடி புதுக் கறுப்புக் காலுறை வைத்திருப்பார். துக்கம் கேட்கப் போன இடத்தில் ஷூவைக் கழற்றும்போது கிழிசல் தெரிந்தால் இழவு வீட்டார் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்களாம்.

வந்த முதல் வாரம் விசிட்டிங் கார்டு அடிக்கக் கேட்டார். ஐந்நூறா ஆயிரமா என்றேன். நூறு போதும் என்றார். “நூறுக்கு மிஷின ஓட்டுறது எனக்குப் பாவம் பாஸ்டர்” என்று சிரித்தேன். “நூறே மிச்சமாயிரும், பாருங்க” என்று அவரும் சிரித்தார். எனக்கு விஷயம் தெரியும். அவருக்குத் தெரியும் என்பதும் தெரியும். சபையில் நானூறு பேருக்கும் தெரியும்.

எங்கள் சபைகளுக்கெல்லாம் மேலான பேரவையில் ஒரு சட்டம் இருக்கிறது. ஓய்வு பெறும் போதகரின் பிள்ளை அதே சபைக்கு அடுத்த போதகராக வரக்கூடாது. பெரிய பெரிய சபைகளில் அப்பா இறங்கி மகன் ஏறுவதைப் பார்த்து ஊரே காறித் துப்பிய பிறகு கொண்டுவந்த சட்டம். கொண்டுவந்த வருடமே அதைத் தாண்டும் வழியையும் எங்கள் ஆட்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவில் யாரையாவது இரண்டு வருடம் நிறுத்திவிட்டால், மகன் வருவது அந்த ஆளுக்கு அடுத்துத்தானே? சட்டத்துக்கு வாய் அடைத்துவிடும். அப்படி நடுவில் நிறுத்தப்படுகிறவரை எங்கள் பக்கத்தில் தாண்டுகல் என்பார்கள், ஓடையில் கால் வைத்துக் கடப்பதற்குப் போட்ட கல். முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள்.

பெரிய பாஸ்டர் குவாக்குக்கு எழுபது வயது நிறைந்தபோது மகன் செஜுன் அமெரிக்காவில் படிப்பை முடித்துக்கொண்டிருந்தார். மூப்பர் நோ தலைமையில் எங்கள் மூப்பர்கள் கல் தேடிப் புறப்பட்டார்கள். பிரசங்கம் சுமாராக இருக்க வேண்டும், கூட ஆள் சேர்த்து வரக்கூடாது, போக வேறு இடம் இருக்கக் கூடாது. மூன்றுக்கும் பொருத்தமாகக் கிடைத்தவர் போதகர் பியோ. அவருடைய சொந்தச் சபை ஒரு கட்டடத்தின் நிலவறையில் பத்தொன்பது பேரோடு மூடப்பட்டிருந்தது. மனைவிக்குச் சிறுநீரகக் கோளாறு, வாரம் மூன்று தரம் டயாலிசிஸ். எங்கள் சபையின் போதகர் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி பத்து நிமிட நடை. ஒரு மீன் குழம்புக் கடையின் உள்ளறையில் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். இரண்டு வருடம் கழித்துப் பேசாமல் இறங்கிக்கொண்டால் ஒரு முதியோர் இல்லத்தில் வேலையும் வீடும். எழுத்தில் ஒன்றும் கிடையாது. கடைசியில் கண்ணை மூடி ஜெபம் பண்ணினார்கள், அவ்வளவுதான்.

போதகர் அறையில் பெரிய பாஸ்டர் முப்பத்தாறு வருடம் உட்கார்ந்த தோல் நாற்காலி இருக்கிறது. பியோ அதில் உட்கார்ந்து ஒருவரும் பார்த்ததில்லை. மேஜைக்கு இந்தப் பக்கம், வந்தவர்கள் உட்காரும் பக்கத்தில், ஒரு மடக்கு நாற்காலியைப் போட்டு எழுதிக்கொண்டிருப்பார். ஜெபம் கேட்டு யாராவது உள்ளே வந்தால் உட்கார வேறு இடமில்லாமல் அந்தப் பக்கம் போய்த் தோல் நாற்காலியில் உட்கார வேண்டும். சமையலறையை நடத்தும் ஓக்புன் அம்மா, எழுபத்து நான்கு வயது, கால் தரைக்கு எட்டாமல் அதில் உட்கார்ந்துகொண்டு, “சொல்லுங்க பாஸ்டர், உங்களுக்கு என்ன பிரச்சன?” என்று அதிகாரமாகக் கேட்பார். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

பிரசங்கம் சுமார்தான், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். குரல் மூன்றாவது வரிசையோடு நின்றுவிடும். முன்வரிசையில் மூத்த போதகர் என்ற மரியாதையோடு உட்கார்ந்திருக்கும் குவாக், முப்பது நிமிடம் தாண்டினால் கைத்தடியால் தரையைத் தட்டுவார். இவர் உடனே ‘ஆமென்’ சொல்லி முடித்துவிடுவார், பாதி வாக்கியத்தில் இருந்தாலும் சரி. முதல் சில மாதம் நானும் சேர்ந்து சிரித்தவன்தான்.

சாவு வீட்டில்தான் ஆள் வேறு மாதிரி. பெரிய பாஸ்டர் காலத்தில் ஒரு சாவுக்கு நாற்பது நிமிடம் கிடைக்கும். வருவார், இடி மாதிரி ஜெபிப்பார், கார் கிளம்பிவிடும். பியோ மூன்று நாளும் அங்கேயே கிடப்பார். ஆஸ்பத்திரியின் துக்க மண்டபத்தில் ஒரு மூலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து காரமான மாட்டிறைச்சி சூப்பில் சோற்றைப் போட்டுச் சாப்பிடுவார். வந்தவர்களின் ஷூக்களை ஒழுங்கு பண்ணுவார். பிரேதத்தைப் பெட்டியில் வைக்கும் நேரத்தில் வீட்டு ஆட்கள் தலைமாட்டில் நின்று கதறுவார்கள், இவர் கால்மாட்டில் போய் நிற்பார். ஏன் என்று கேட்டேன். “தலப்பக்கம் எல்லாரும் இருக்காங்க. கால யாரும் பிடிக்கிறதில்ல” என்றார்.

அவர் வந்த முதல் வருடம் ஓக்புன் அம்மாவின் மகன் செத்துப்போனான். நாற்பத்து நான்கு வயது, வெல்டர். கப்பல் கட்டும் தளத்தை மூடியதிலிருந்து எட்டு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்துவிட்டு, தானே உயிரை முடித்துக்கொண்டு போய்விட்டான். தானாகப் போனவர்களுக்குச் சபை அடக்க ஆராதனை நடத்தாது என்பது பெரிய பாஸ்டர் வைத்த வழக்கம். பாடகர் குழு போகாது, சபைப் பெயர் போட்ட மலர்த்தட்டியும் போகாது. மூப்பர் நோ எல்லாருக்கும் போன் போட்டு ஞாபகப்படுத்தினார். அன்று காலை பத்து மணிக்கு போதகர் பியோ என் கடையில் நின்றார்.

“மலர்த்தட்டிக்கு ஒரு ரிப்பன் அடிச்சுக் குடுங்க தம்பி. சபைப் பேர்ல.”

“மூப்பருக்குத் தெரியுமா பாஸ்டர்?”

“அச்சாயி வந்தப்புறம் தெரியும்.”

அடித்துக் கொடுத்தேன். அதை அவரே தோளில் போட்டுக்கொண்டு போனார். மூன்று நாளும் அந்த மண்டபத்தில் சபை ஆட்கள் ஏழெட்டுப் பேர்தான். பாட ஆள் இல்லாமல் தானே பாடினார், அந்தக் கேவலமான குரலில். ஓக்புன் அம்மா மறுபடி சமையலறைக்கு வந்து முட்டைக்கோஸ் நறுக்க உட்கார்ந்தபோது, அந்த ரிப்பனை மடித்து ஏப்ரன் பைக்குள் வைத்திருந்ததைப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் சனங்கள் இவரைப் ‘பியோ பாஸ்டர்’ என்பதை விட்டுவிட்டு ‘நம்ம பாஸ்டர்’ என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அப்போதே மூப்பர்கள் உஷாராகிவிட்டார்கள்.

இரண்டு வருடம் முடிய மூன்று மாதம் இருக்கையில் செஜுன் வந்து சேர்ந்தார். முப்பத்தொன்பது வயது. நல்ல குரல், நல்ல படிப்பு, கிழவிகளின் பெயரெல்லாம் ஞாபகம் வைத்திருக்கிறார், சமையலறைக்கு வந்து பாத்திரமும் கழுவினார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல். ஒன்றே ஒன்று, அப்பா பேச ஆரம்பித்தால் பாதியில் நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார்.

ஒரு வெள்ளிக்கிழமை ஓக்புன் அம்மா நான்கு தாளை எடுத்துக்கொண்டு நகல் எடுக்க வந்தார். மேலே ஒரே வரி: ‘போதகர் பியோ எங்களோடு இருக்க வேண்டும்.’ கீழே நூற்று அறுபத்து மூன்று கையெழுத்து. நகல் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பியோ புரூஃப் பார்க்க நுழைந்துவிட்டார். தாளைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

“அம்மா, இத எங்கிட்ட குடுத்துருங்க.”

“மாட்டேன். கிழிச்சுப் போடுவீங்க.”

“கிழிக்க மாட்டேன்.”

“அப்ப ஜெபம் பண்ணி மடிச்சு வச்சுருவீங்க. அதுக்குக் கிழிக்கிறதே தேவல.”

கிழவி மிஷினைப் பிடித்துக்கொண்டு நின்று, குரலைத் தணித்துச் சொன்னார்: “இன்னும் ஆறு மாசத்துல என் பிள்ளைக்கு ரெண்டாவது நினைவு நாள் வருது. போன வருஷம் நீங்க வீட்டுக்கு வந்து அவன் பேரச் சொல்லி ஜெபிச்சீங்க. நீங்க போயிட்டா யாரு பாஸ்டர் அவன் பேரச் சொல்லுவா? சின்ன பாஸ்டர் வருவாரா? வரணும்னு நெனச்சாலும் அவுக அப்பா விடுவாரா?”

ஓக்புன் அம்மா போன பிறகு நான் வாயை அடக்கவில்லை. நானூறு பேர் சபையில் இத்தனை பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், ஒரு வார்த்தை ‘இருக்கிறேன்’ என்று சொன்னால் மூப்பர்கள் என்ன செய்துவிட முடியும், ஜெபம் பண்ணிக் கொடுத்த வாக்கு என்றாலும் களவாணி வாக்குதானே என்று கொட்டித் தீர்த்தேன். வீட்டைப் பற்றிக் கவலையென்றால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றும் சொன்னேன். அவர் காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக உட்கார்ந்தார்.

“என் பொஞ்சாதி விஷயம் ஒரு பக்கம் இருக்கு தம்பி. இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா அது இல்ல. நானும் சின்ன பாஸ்டரா இருந்தவந்தான். எங்கப்பா சபையில இருநூறு பேரு. அவரோட எழுவதாவது பிறந்த நாளு, எல்லாரும் சாப்பிட்டுட்டு இருக்கும்போது என் தோள்ல கையப் போட்டு, ‘இனிமே இவந்தான்’னாரு. எல்லாரும் கை தட்டினாங்க. முடியாதுன்னு சொல்லியிருந்தா அப்பா செத்திருப்பாரு. சரின்னேன், சபை செத்துப் போச்சு. முப்பது வருஷம் இழுத்துக்கிட்டுக் கிடந்து செத்துது. கடைசியில பத்தொம்பது பேரு. ஒவ்வொருத்தரும் போகும்போது ‘உங்கப்பா மாதிரி வருமா’ன்னு சொல்லிட்டுப் போனாங்க.”

“இத செஜுன்கிட்ட சொல்லுங்களேன்.”

“சொன்னேன். ‘எங்கப்பா சபைக்கு அப்பிடி ஆகாது பாஸ்டர்’னாரு. நானும் அப்ப அப்பிடித்தான் சொன்னேன்.” கோப்பையின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: “இந்த சனங்க எங்கிட்ட ஆசையா இருக்காங்க. ரெண்டு வருஷந்தான் இருப்பேன்னு தெரிஞ்ச ஆசை அது. என் கையிலயே குடுத்தா இதுவும் செத்துரும் தம்பி. எனக்கு வாய்ச்ச கை அப்பிடி.”

எனக்குக் கோபம்தான் வந்தது. அறுபத்து மூன்று வயது மனிதரின் தோளில் செத்துப்போன அப்பா இன்னும் கையை வைத்துக்கொண்டிருக்கிறாரே என்று அழுகையும் வந்தது. அடுத்த ஞாயிறு மூப்பர்கள் கையெழுத்துத் தாளை வாங்கி, ஜெபம் பண்ணி, மடித்து வைத்தார்கள்.

வாக்கெடுப்புக்குப் பத்து நாள் இருக்கும்போது மூப்பர் நோ என் கடைக்கு வந்து, ‘போதகர் குவாக் செஜுன் பதவியேற்பு விழா’ அழைப்பிதழ் அறுநூறு கேட்டார். “இன்னும் ஓட்டே போடலையே மூப்பரே” என்றேன். “அட்டை நல்லதா போடு தம்பி, பெரிய பாஸ்டர் தொட்டுப் பாப்பாரு” என்றார். நான் அடித்தேன். இருபத்தாறு வருடமாக அந்தச் சபையின் அச்சு வேலை எனக்குத்தான் வருகிறது. என் கல்யாணத்தை நடத்தி வைத்தவர் பெரிய பாஸ்டர். புரூஃப் பார்க்க அனுப்பிவைத்த ஆள் போதகர் பியோ. விரல் வைத்து இரண்டு தடவை படித்து, செஜுன் படித்த கல்லூரியின் பெயரில் ஒரு தப்பைக் கண்டுபிடித்துத் திருத்திக் கொடுத்தார்.

சபைக் கூட்டத்துக்குச் சபைப் போதகர்தான் தலைவர். தனக்குப் பதிலாக வருகிறவருக்கு வாக்கெடுப்பை அவரே நடத்தியாக வேண்டும். சம்மதம் என்றால் சீட்டில் வட்டம், இல்லையென்றால் பெருக்கல் குறி. மூன்றில் இரண்டு பங்கு வட்டம் வேண்டும். ஆட்சேபணை உண்டா என்று கேட்டுத் தலைவர் மரச் சுத்தியலை மூன்று தடவை தட்டினால் தீர்மானம் முடிந்தது. அப்புறம் கர்த்தரே வந்தாலும் திருப்ப முடியாது.

சீட்டு எண்ணிய நான்கு பேரில் நானும் ஒருவன். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. வட்டம் இருநூற்று எழுபத்தொன்று. பெருக்கல் குறி நூற்று முப்பத்திரண்டு. ஒன்றுமே எழுதாத வெற்றுச் சீட்டு ஒன்பது. அந்த ஒன்பதில் ஒன்று என்னுடையது. பேனாவை எடுத்தேன். முன்வரிசையில் பெரிய பாஸ்டரின் பின்னந்தலை தெரிந்தது, அப்படியே மடித்துப் போட்டுவிட்டேன். சம்மதம் என்று எழுதவில்லையே, அது போதாதா என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். எங்கள் சனங்களின் புத்தி இது. பெரியவர் முகத்துக்கு எதிரே ‘இல்லை’ என்று எழுதக் கை வராது, எழுதாமல் விட்டால் புரிந்துகொள்வார்கள் என்று நம்புவோம்.

கணக்கு இப்படி நின்றது. வெற்றுச் சீட்டையும் சேர்த்தால் மகனுக்கு நான்கு வட்டம் குறைவு. விட்டுவிட்டால் இரண்டு மிச்சம். சட்டப் புத்தகத்தில் வெற்றுச் சீட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை. தலைவர் சொல்வதுதான் தீர்ப்பு.

மூப்பர் நோ எழுந்தார். “ஒண்ணும் எழுதாதவங்க ஓட்டே போடல தலைவரே. அதச் சேக்கக் கூடாது.”

பின்னாலிருந்து யாரோ, “வந்து போட்டாங்கல்ல, ஆளு கணக்கு ஆளுதான்” என்று கத்தினார்கள். பெரிய பாஸ்டர் திரும்பிப் பார்த்ததும் சத்தம் நின்றது. அவருக்குப் பக்கத்தில் செஜுன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். போதகர் பியோ பிரசங்க பீடத்தில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றார். அவர் வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை, ‘சேரும்’ என்று வந்தால் போதும் என்று நான் வேண்டிக்கொண்டேன். வேண்டிக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை இருந்ததோ தெரியவில்லை.

“வெற்றுச் சீட்டு கணக்குல சேராது” என்றார். ஆச்சரியம், அன்று அவர் குரல் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. “ஆட்சேபணை உண்டா?”

ஓக்புன் அம்மா எழுந்தார். முன்பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கவே நேரமாயிற்று.

“அதுல ஒண்ணு என்னுது பாஸ்டர். சின்னப் பிள்ளையில நான் முதுகுல கட்டித் தூக்குன பிள்ளை இந்த செஜுன். அவன் பேருக்கு நேரா அந்தக் குறியப் போட எனக்குக் கை ஓடல. எழுதாம விட்டா வேணாம்னு அர்த்தமாயிரும்னு நெனச்சேன்.” கைப்பையைத் திறந்து துழாவினார். “என் சீட்ட மட்டும் திருப்பிக் குடுங்க. இப்ப எழுதிர்றேன். பேனா எங்கிட்டயே இருக்கு.”

“உக்காருங்கம்மா, அதெல்லாம் முடிஞ்சு போச்சு” என்றார் மூப்பர் நோ.

அவர் உட்காரவில்லை. பேனாவை நீட்டிக்கொண்டு நின்றார். மற்ற எட்டுப் பேரும் எங்கேயோ உட்கார்ந்துதான் இருந்தோம். ஒருவரும் எழவில்லை, நானும் எழவில்லை.

போதகர் பியோ பீடத்துக்குப் பின்னாலிருந்து ஓர் அடி விலகி வெளியே வந்தார். ஓக்புன் அம்மா நின்ற பக்கம் திரும்பி, இடுப்பு வரைக்கும் வளைந்து வணங்கினார். நிமிரவில்லை. குனிந்த தலை குனிந்தபடியே இருக்க, கையை மட்டும் பின்னால் நீட்டிப் பீடத்தின் மேல் தடவிச் சுத்தியலை எடுத்து, மூன்று தடவை தட்டினார்.